பஸ் லேட்... கதை ஸ்டார்ட்! காத்திருந்தவர்களுக்காகவே பிறந்த நாவல்கள்

மாலை 5.30 மணியைத் தாண்டினால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சாலவாக்கம் வண்டி போயிடுச்சா?"

போகவில்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. 'இன்னும் வரவே இல்லை' என்று தெரிந்தால், அந்த நிம்மதி அரை மணி நேரத்தில் எரிச்சலாக மாறிவிடும். ஊருக்கு ரயில் கிடையாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி என எங்கே போவதானாலும் பஸ்ஸை நம்பித்தான் ஆக வேண்டும். கல்லூரி முடிந்து வருபவர்கள், ஒரகடம் பக்கம் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், காஞ்சிபுரத்தில் ஜவுளிக் கடை வேலை முடிந்து திரும்புகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துப் பையோடு உட்கார்ந்திருப்பவர்கள்... எல்லோருமே காத்திருப்பில் தேர்ந்தவர்கள்.

2021-ல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு இந்தக் காத்திருப்புக்கு ஒரு புதுக் கணக்கும் சேர்ந்தது. முன்னால் வருகிற வண்டியில் ஏறினால் காசு. பின்னால் வருகிற வண்டிக்காகக் காத்திருந்தால் இலவசம். போக வர மிச்சமாகிற தொகை, மாசக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்கு உதவும். அதனால் கண்ணெதிரே வரும் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற பெண்களை எந்தக் கிராமத்து நிறுத்தத்திலும் பார்க்கலாம்.

இத்தனை பேரும் காத்திருக்கிற நேரத்தில் என்ன செய்கிறார்கள்? இப்போது பதில் சுலபம். எல்லோர் கையிலும் போன். ஆனால், 30, 35 வருடங்களுக்கு முன்பு இதே போன்ற பஸ் ஸ்டாண்டுகளில் நேரத்தைக் கொல்வதற்கு வேறோர் ஆயுதம் இருந்தது. பெட்டிக்கடை வாசலில், ஷாம்பு பாக்கெட் சரத்துக்கும் வாழைத்தாருக்கும் நடுவே, கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அது. சாணித்தாள், சுமார் 100 பக்கம், நடுவில் இரண்டு பின். அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நடிகை. மேலே, கொட்டை எழுத்தில் எழுத்தாளரின் பெயர்.

மாத நாவல்!

குடத்துக்குள் கைவிட்ட மாதிரி

உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு சொல்கிற தேர்தல் முறை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள்.

பஸ் ஸ்டாண்ட் நாவலை வாங்கியதும் ஏறக்குறைய அப்படித்தான். விமர்சனம் படித்துவிட்டு யாரும் அந்தக் கடைக்கு வரவில்லை. யாருடைய சிபாரிசும் இல்லை. புரட்டிப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார். பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது, சட்டைப் பையில் சில்லறை இருக்கிறது. அவ்வளவுதான். ஏதோ ஒன்றை உருவிக்கொண்டு போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தால், அது உங்களுக்குப் பிடித்துப்போகலாம். வேர்க்கடலை மடிக்கவும் பயன்படலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. குடவோலையில் எல்லோர் பெயரையும் எழுதிவிட மாட்டார்கள். நிலம் வேண்டும், சொந்த வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் எனக் கல்வெட்டு வரிசையாக நிபந்தனைகளை அடுக்குகிறது. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய நாவல் எந்தத் தகுதியும் கேட்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக் கூச்சப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் நாவல் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

பஸ் வருவதற்குள் ஒரு கொலை

1969-ல் 'தினத்தந்தி' குழுமம் 'ராணி முத்து' இதழைத் தொடங்கியது. மாதம் ஒரு முழு நாவல், பத்திரிகை விலையில் என்பதுதான் திட்டம். பைண்டிங் புத்தகமாக வந்தபோது வாங்க முடியாத எழுத்தாளர்களை எல்லாம் பெட்டிக்கடையிலேயே வாங்க முடிந்தது. குமுதம் குழுமத்தின் 'மாலைமதி' இந்தப் பாதையை இன்னும் அகலப்படுத்தியது. 1980-களில் ஜி.அசோகனின் 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' போன்றவை வந்து சேர்ந்தபோது, பஸ் ஸ்டாண்ட் கயிற்றில் இடமே இல்லை.

அந்தக் கயிற்றின் முடிசூடா மன்னர் ராஜேஷ்குமார். கோவைக்காரர். 1980-ல் மாலைமதியில் வெளியான 'வாடகைக்கு ஓர் உயிர்' அவருடைய முதல் நாவல். அதற்குப் பிறகு அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டிவிட்டது. எழுத்துப்பிழை இல்லை, ஆயிரத்து ஐந்நூறுதான்!

இவ்வளவு எழுதினால் தரம் எப்படி இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால், அதற்கு முன்பு அந்த நாவல்கள் கட்டப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். ராஜேஷ்குமார் நாவல்களில் பெரும்பாலும் இரண்டு கதைகள் ஓடும். முதல் அத்தியாயத்தில் ஓர் ஊர், சில மனிதர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் வேறோர் ஊர், வேறு மனிதர்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது புரியவே புரியாது. இரண்டு தண்டவாளமும் கடைசிச் சில பக்கங்களில்தான் ஒன்று சேரும். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒவ்வொன்றும் யாரோ கதவைத் தட்டுகிற இடத்திலோ, டெலிபோன் அடிக்கிற இடத்திலோ முடியும்.

இதைச் சோபாவில் சாய்ந்துகொண்டு படித்தால் சில சமயம் செயற்கையாகத் தெரியலாம். பஸ் ஸ்டாண்டில் படித்துப் பார்த்தால்தான் சூட்சுமம் புரியும். எந்த நிமிடமும் பஸ் வந்துவிடலாம். புத்தகத்தை மூடிவிட்டு ஓட வேண்டும். ஜன்னல் சீட் பிடித்து, டிக்கெட் வாங்கி, மூச்சு வாங்கிய பிறகு மறுபடி திறந்தால் கதை நழுவிப் போயிருக்கக் கூடாது. எழுத்து குலுங்கினாலும் புரிய வேண்டும். உத்திரமேரூரில் தொடங்கினால் காஞ்சிபுரத்தில் கொலைகாரன் யாரென்று தெரிந்தாக வேண்டும். நடுவில் திருப்புலிவனம் வந்தபோதே தெரிந்துவிட்டால் எழுத்தாளர் தோற்றார். அந்த வகையில் பார்த்தால், நாவலின் நீளத்தை நிர்ணயித்ததில் பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

எழுத்தாளருக்கு ஒரு துப்பறியும் ஜோடி என்பதும் அந்தக் காலத்து ஏற்பாடு. ராஜேஷ்குமாருக்கு விவேக் - ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத் - சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன் - வைஜெயந்தி. சுஜாதாவின் கணேஷ் - வசந்த் எல்லோருக்கும் சீனியர்கள். முன்பின் தெரியாத நாவலைக் கையில் எடுக்கிறவருக்கு, உள்ளே தெரிந்த முகம் ஒன்று காத்திருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுத்தது இந்த ஜோடிகள்தான். பஸ்ஸில் தெரிந்தவர் பக்கத்தில் இடம் கிடைத்த மாதிரி. (ராஜேந்திரகுமார் வாசகர்களுக்கு ஜோடியே வேண்டாம். திகைத்து விழிப்பவரைக் காட்ட அவர் போட்ட 'ஞே' ஒன்றே போதும். தமிழ் எழுத்து வரிசையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஓர் எழுத்துக்கு வேலை கொடுத்த புண்ணியம் அவருக்குத்தான்!)

ஆரணியிலிருந்து ஒரு முன்னோடி

காத்திருப்பவரின் கையில் கதையைக் கொடுப்பது 80-களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1879-ல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலாக வந்தது. அடுத்த 30, 40 ஆண்டுகளுக்குள்ளாகவே விறுவிறு நாவல்களுக்கு ஒரு பெரிய சந்தை உருவாகிவிட்டது. உத்திரமேரூரிலிருந்து மேற்கே, அதிக தூரமில்லாத ஆரணியின் பெயரைத் தன் பெயரில் சுமந்த ஆரணி குப்புசாமி முதலியார், ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தமிழுக்குத் தக்கபடி மாற்றி எழுதிக் குவித்தார். ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனுக்கும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா', 'திகம்பர சாமியார்' போன்றவற்றுக்கும் வாசகர்கள் ஏங்கிக் கிடந்தார்கள். பிறகு இந்தக் கதைகள் சினிமாவாகவும் வந்தன.

அதுவரை கதை என்றால் ஒருவர் படிக்க, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது. நாவல் அந்தப் பழக்கத்தை உடைத்தது. தனியாக, வாய்விடாமல், தனக்குள்ளேயே படிக்கிற மனிதரை உருவாக்கியது. வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் பேசுவது இந்த மாற்றத்தைத்தான். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் தனியாக இருக்க வேண்டிய இடம் என்று பார்த்தால், ரயில் பெட்டியையும் பஸ் ஸ்டாண்டையும் மிஞ்ச எது இருக்கிறது?

அகதா கிறிஸ்டி வீட்டிலிருந்து திரும்பியவர்

மற்ற நாடுகளில் இந்தக் கதையைத் தொடங்கிவைத்தது ரயில். 1848-ல் லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் டபிள்யூ.ஹெச்.ஸ்மித் நிறுவனம் புத்தகக் கடை திறந்தது. நம் நாட்டில் 1877-ல் அலகாபாத்தில் ஏ.ஹெச்.வீலர் தொடங்கியது. 1888-ல் அந்த நிறுவனம் ஸ்டேஷன் கடைகளில் விற்பதற்கென்றே ஒரு ரூபாய் விலையில் ஒரு கதை வரிசையை வெளியிட்டது. எழுதியவர், அப்போது அலகாபாத்தில் பத்திரிகையாளராக இருந்த 22 வயது இளைஞர். பெயர், ருட்யார்ட் கிப்ளிங். தென்னிந்திய ஸ்டேஷன்களில் இந்த இடத்தைப் பிடித்தது, 1844-ல் சென்னையில் பிறந்த ஹிக்கின்பாதம்ஸ்.

ஆனால், காத்திருப்பிலிருந்து பிறந்த புத்தகம் என்றால் எல்லோரும் சொல்கிற கதை வேறு. 1934-ம் ஆண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், அகதா கிறிஸ்டியின் வீட்டில் வார இறுதியைக் கழித்துவிட்டு லண்டன் திரும்புகிறார் பதிப்பாளர் ஆலன் லேன். எக்ஸீட்டர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது படிக்க ஏதாவது தேடுகிறார். கடையில் இருப்பதெல்லாம் சினிமாப் பத்திரிகைகளும் பழைய நாவல்களின் மறுபதிப்புகளும்தான். 'நல்ல புதிய நாவல் ஒரு சிகரெட் பாக்கெட் விலைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?' என்ற எண்ணம் அந்த பிளாட்பாரத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். பல முறை சொல்லப்பட்டு மெருகேறிய கதைதான். ஆனால், அடுத்து நடந்தது ஆதாரமுள்ள வரலாறு.

1935 ஜூலையில் 'பெங்குயின்' முதல் 10 புத்தகங்கள் வந்தன. விலை ஆறு பென்ஸ். ஹெமிங்வே நாவலும் இருந்தது, விருந்து போட்ட அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் இருந்தது. புத்தகக் கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். காப்பாற்றியது வுல்வொர்த்ஸ் என்ற மலிவுவிலைப் பல்பொருள் கடை. ஒரே ஆர்டரில் 63,500 பிரதிகள்! சோப்பும் சீப்பும் விற்கிற இடத்தில்தான் பெங்குயின் பிழைத்தது. ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்கிய நம்மூர் மாத நாவலுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. இரண்டு வருடம் கழித்து பெங்குயின் தொடங்கிய 'பெலிகன்' அறிவு நூல் வரிசைக்கு ஆசிரியராக அமர்ந்தவர் வி.கே.கிருஷ்ண மேனன். பின்னாளில் நம் பாதுகாப்புத் துறை அமைச்சரான அதே மேனன்தான்.

பைக்குள் ஒளித்துக்கொண்டு போனவர்கள்

க்ரைம் நாவலை மட்டும் பேசினால் பாதிக் கதையை விட்டுவிட்டதாக ஆகும். அதே கயிற்றில், அதே விலைக்கு, ரமணிசந்திரன் தொங்கினார். அனுராதா ரமணன் தொங்கினார். இந்த நாவல்களைப் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வேலைக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அக்கம்பக்கத்தில் நான்கு பேர் கைமாற்றி முடிப்பார்கள். 'கதை புக்கு படிச்சா பொண்ணு கெட்டுப்போயிடும்' என்று சொன்ன வீடுகள் அப்போது நிறைய.

இலக்கிய உலகம் இவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்றைக்கும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அச்சான தாளைப் போலவே சாரமும் மட்டம் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவசரத்தில் எழுதியது, அரைத்த மாவு, பெண்களை வெறும் பிணமாகவோ பொம்மையாகவோ காட்டியது என்று பட்டியல் போட முடியும். ஆனாலும், சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, பெட்டிக்கடையை எட்டிப் பார்க்காதவர்கள்கூட ஆவலோடு வாங்கினார்கள். ராஜேஷ்குமார், சுபா, ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வலம் வந்த தமிழ்வாணன் எல்லோரும் அதில் இருந்தார்கள். உத்திரமேரூரில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது, அண்ணா சாலையில் வழவழ தாளில் ஏறியதும் மரியாதை வந்துவிட்டது!

கயிறு எப்போது காலியானது?

ஒரே நாளில் நடக்கவில்லை. 90-களில் டி.வி தொடர்கள் வந்தன. சஸ்பென்ஸ் தேவைப்பட்டவர்களுக்கு அது வீட்டுக்கூடத்திலேயே கிடைத்தது. எழுத்தாளர்களும் அந்தப் பக்கம் போனார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' சின்னத்திரையில் ஊரையே பயமுறுத்தியது. சுபா சினிமாவுக்குப் போய் 'அயன்', 'கோ' படங்களில் கே.வி.ஆனந்துடன் பணியாற்றினார்கள். பிறகு செல்போன், அதற்குப் பின் மலிவான டேட்டா. 2020 ஊரடங்கில் பஸ்ஸே ஓடவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடைக்கு யார் வருவார்கள்? பழைமையான 'கல்கி' வார இதழே அந்த ஆண்டு அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. இன்றும் மாத நாவல்கள் வருகின்றன. ஆனால், எல்லா ஊர்க் கடையிலும் பார்க்க முடிவதில்லை. கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கதை செத்துவிட்டதா என்றால், இல்லை. பெங்களூரில் 2014-ல் தொடங்கிய 'பிரதிலிபி' போன்ற செயலிகளில் தமிழில் தொடர்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் ஏராளம். சின்ன அத்தியாயம், கடைசி வரியில் ஒரு திடுக்... மாத நாவலின் அதே சூத்திரம்தான். ராஜேஷ்குமாரின் நாவல்களும் மின்னூலாகக் கிடைக்கின்றன. டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மாறியது ஒன்றே ஒன்று. போனில் கதை படிக்க வேண்டுமென்றால், கதை படிக்க வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டும். தேட வேண்டும். தேடாவிட்டால் போன் தானாக நீட்டுவது, நேற்று எதைப் பார்த்தோமோ அதன் இன்னொரு நகல். சமையல் பார்த்தவருக்குச் சமையல், சண்டை பார்த்தவருக்குச் சண்டை. மாவட்டந்தோறும் அரசு நடத்துகிற புத்தகக் காட்சிகள் நல்ல விஷயம். ஆனால், அங்கே போவதற்கும் புத்தகம் வாங்கும் எண்ணம் முன்கூட்டியே இருக்க வேண்டும். கிளை நூலகங்களுக்குப் போகலாமென்றால், பலருக்கு வேலை முடிந்து பஸ் பிடிக்கிற நேரமும் நூலகம் பூட்டுகிற நேரமும் ஒன்றாகிவிடுகிறது. புத்தகத்தைத் தேடாதவர் கண்ணில், எதிர்பாராமல், அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கதை பட வேண்டுமென்றால், அதற்கு அந்தக் கயிறு மாதிரி ஏதாவது தேவைப்படுகிறது.

எக்ஸீட்டர்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆலன் லேன் வெறுங்கையோடு காத்திருந்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரின் ஸ்டேஷனில், 2023-ல் பெங்குயின் புத்தகங்கள் விற்கிற தானியங்கி இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். சிப்ஸ் பாக்கெட் எடுப்பதுபோல நாவலை எடுத்துக்கொண்டு ரயில் ஏறலாம். நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளில் தண்ணீர் பாட்டிலுக்கும் செல்போன் கவருக்கும் கடை உண்டு. அந்த வரிசையில் 20 புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வைப்பதற்கு இயந்திரம்கூடத் தேவையில்லை.

அதுவரைக்கும், பழைய மாத நாவல்கள் வேறு வழியில் பிழைத்திருக்கின்றன. சலூன் பெஞ்சில், பழைய பேப்பர் கடை மூட்டையில், பரணில் கட்டிவைத்த அட்டைப் பெட்டியில். ஒரு ரூபாய் நாவலை ஒன்பது பேர் படித்திருப்பார்கள். அட்டை போயிருக்கும், நடிகையின் கண்ணுக்கு யாரோ பேனாவால் மை தீட்டியிருப்பார்கள். மிக முக்கியமாக, கடைசி இரண்டு பக்கங்கள் இருக்காது. விவேக் எல்லோரையும் ஓர் அறைக்கு வரச்சொல்லி, "கொலையாளி இங்கேதான் இருக்கிறார்" என்கிற கட்டத்தோடு தாள் கிழிந்திருக்கும். அந்த வாசகர்களில் எத்தனையோ பேர் இன்று தாத்தா, பாட்டி. கொலையாளி யார் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.